யாக்கோபு பொய் சொல்லித்தானே ஆசீர்வாதம் வாங்கினான்? ஒரு மாணவனின் கேள்வி

ஞாயிறுவகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபையில் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். போன வாரப் பாடம் ஆதியாகமம் 27. ஈசாக்குக்குக் கண் மங்கிவிட்டது. ரெபெக்காள் சமைத்துக் கொடுக்கிறாள். யாக்கோபு அண்ணன் ஏசாவுடைய உடையைப் போட்டுக்கொண்டு, கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு, அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்க அப்பாவிடம் போகிறான். பாடக் குறிப்பின் கடைசியில் "பொய் சொல்லுகிறவர்கள் தண்டனை அடைவார்கள்" என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்த உடனே ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"மிஸ், யாக்கோபு எங்கே தண்டனை அடைந்தான்? அவன்தானே ஆசீர்வாதம் வாங்கினான். உண்மையாக வேட்டைக்குப் போன ஏசாதான் அழுதுகொண்டு நின்றான்."

மற்ற பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். அடுத்த வாரம் பேசுவோம் என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பு முடிந்து தனியாகப் பேசியபோது அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது தெரிந்தது. அவன் அப்பா வேலை செய்யும் இடத்தில், வராத சரக்கு வந்ததாக ஒரு பில்லில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். உடனே அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கூட இருந்த இன்னொருவர் கையெழுத்துப் போட்டார். இப்போது அவருக்குப் பதவி உயர்வு. வீட்டில் இதைப் பற்றி அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதை இவன் கேட்டிருக்கிறான். "அப்பா பண்ணினது சரியா மிஸ்?" என்று கேட்டான்.

"சரிதான் கண்ணா" என்றேன். ஆனால் அந்த ஒரு சொல் அவனுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அனனியா, சப்பீராள் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. அப்படி உடனே விழுந்து சாகிற பொய்யர்களை அவர்கள் வாழ்க்கையில் பார்க்கப்போவதும் இல்லை. வசனத்தை ஆழமாக வாசித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். யாக்கோபு கதையை எப்படி எடுப்பது?


சிற்றோடை எழுதியது:

சகோதரி, நீதிமொழிகள் 20:17 போதும். "வஞ்சனையினால் வந்த போஜனம் மனுஷனுக்கு இன்பமாயிருக்கும், பின்போ அவனுடைய வாய் பருக்கைக்கற்களால் நிரப்பப்படும்." முதலில் இனிக்கும், பிறகு கல். அந்தப் பையனிடம் "பொறுத்திரு, பார்ப்பாய்" என்று சொல்லுங்கள். கர்த்தர் சும்மா விடமாட்டார்.


ஞாயிறுவகுப்பு எழுதியது:

நன்றி சகோதரரே. நல்ல வசனம், வகுப்பில் மனப்பாடம் செய்ய வைப்பேன். ஆனால் அவன் அடுத்த கேள்வியாக "எப்போ மிஸ்?" என்பான். யாக்கோபின் வாயில் எப்போது கல் விழுந்தது என்று காட்ட முடிந்தால்தான் அவன் கேட்பான்.


பழையகணக்கர் எழுதியது:

அம்மா, பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி. நான் பல வருஷம் ஆடிட் வேலை பார்த்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆதியாகமம் 27 எனக்கு எப்போதுமே ஒரு கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிற உணர்வைத் தரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடக் குறிப்பு செய்த தவறு, 27-ஆம் அதிகாரத்தோடு நிறுத்தியது. இந்தக் கதையின் வரவு செலவு முடிய ஏறக்குறைய புத்தகத்தின் கடைசி வரை போகவேண்டும்.

முதலில் அந்த அறைக்குள்ளேயே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். "நீ யார்" என்று ஈசாக்கு கேட்கிறார். நான் ஏசா, உமது மூத்த மகன். இது முதல் பொய். இவ்வளவு சீக்கிரம் எப்படி வேட்டை கிடைத்தது என்கிறார். உம்முடைய தேவனாகிய கர்த்தர் கிடைக்கச் செய்தார் என்கிறான். கடவுளின் பெயரையும் இழுத்தாயிற்று. கிட்ட வா, தடவிப் பார்க்கிறேன் என்கிறார். அதற்குத் தோல் பதில் சொல்கிறது. சத்தம் யாக்கோபின் சத்தம், கைகள் ஏசாவின் கைகள் என்று குழம்பி, நீ என் மகன் ஏசாதானா என்று திரும்பவும் கேட்கிறார். நான்தான் என்கிறான். பிறகு முத்தம். அப்போது உடையின் வாசனை அவனுக்குச் சாட்சி சொல்கிறது.

ஒரு பொய்யோடு உள்ளே போனவனால் ஒரு பொய்யோடு வெளியே வர முடியவில்லை. இதை நான் தொழிலில் நேராகவே பார்த்திருக்கிறேன். வராத சரக்கை வரவு எழுதினால் அது இருப்பில் நிற்கும். இருப்பை எண்ணிப் பார்க்க ஆள் வருவதற்குள் அதைச் செலவு எழுதியாகவேண்டும். செலவு எழுத, ஏதோ ஒரு வேலை நடந்ததாகக் காட்டவேண்டும். அந்த வேலை நடந்ததற்கு இன்னொருவர் கையெழுத்து வேண்டும். நாங்கள் கண்டுபிடித்தவை பெரும்பாலும் முதல் தாளில் சிக்கவில்லை. முதல் தாள் அழகாகவே இருக்கும். அதைக் காப்பாற்ற எழுதின மூன்றாவது, நாலாவது தாளில்தான் சிக்கும். பையனுடைய அப்பாவிடம் கேட்டது ஒரு கையெழுத்து அல்ல. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திட்டம் போடும்போது யாக்கோபுக்கு ஒரு பயம் இருந்தது. அப்பா தடவிப் பார்த்தால் மாட்டிக்கொள்வேனே, ஆசீர்வாதத்துக்குப் பதிலாகச் சாபம் வருமே என்கிறான். இது தப்பாச்சே என்று ஒரு வார்த்தை இல்லை. ரெபெக்காளோ, உன்மேல் வரும் சாபம் என்மேல் வரட்டும் என்கிறாள். அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். ஏசாவின் கோபம் ஆறும்வரை சில நாள் என் சகோதரன் லாபானிடத்தில் இரு என்று அனுப்புகிறாள். அந்தச் சில நாள் 20 வருஷம் ஆயிற்று. யாக்கோபு திரும்பி மம்ரேக்கு வரும்போது அப்பா ஈசாக்கு இருக்கிறார். ரெபெக்காள் அந்தக் காட்சியில் இல்லை. அவளுடைய தாதி தெபொராள் இறந்ததைக் கூட வேதம் எழுதியிருக்கிறது. தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக ஒரு வரி இல்லை. பிள்ளைக்காகப் பொய் சொன்ன தாய், பிள்ளையைப் பார்த்ததாக நாம் வாசிக்கும் கடைசி இடம் அந்தப் பிரிவுதான்.

அப்புறம் லாபான் வீடு. லாபானின் இளைய மகள் ராகேலை மணக்க 7 வருஷம் வேலை செய்கிறான். மணமான இரவு விடிந்து பார்த்தால் அவள் அக்கா லேயாள். ஏன் என்னை வஞ்சித்தீர் என்று கேட்கிறான். லாபான் சொல்லும் பதிலைப் பிள்ளைகளே சத்தமாக வாசிக்கட்டும்: மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. இருட்டில், ஆள் மாறி, மூத்த பிள்ளையின் உரிமையைக் காரணமாகக் காட்டி. எந்த இடத்தில் அவன் அப்பாவை ஏமாற்றினானோ சரியாக அந்த இடத்தில் அடி விழுகிறது. அதற்குமேல் சம்பளத்தை லாபான் பத்து முறை மாற்றினான் என்று யாக்கோபே புலம்புகிறான்.

ஆனாலும் லாபானோடு கணக்கு முடியவில்லை. 37-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். யோசேப்பை விற்றுவிட்ட சகோதரர்கள் ஒரு வெள்ளாட்டுக்கடாவை அடித்து, அதன் இரத்தத்தில் அங்கியைத் தோய்த்து, இது உம்முடைய மகனின் அங்கிதானா பாரும் என்று அப்பாவுக்கு அனுப்புகிறார்கள். ஒரு மகனின் உடை, ஒரு வெள்ளாடு, ஏமாறுகிற ஒரு தகப்பன். 27-ஆம் அதிகாரத்தில் இருந்த அதே மூன்றும் இங்கே இருக்கின்றன. இந்த முறை தகப்பன் யாக்கோபு. யோசேப்புக்கு அப்போது 17 வயது. பார்வோன் முன் நிற்கும்போது 30. விளைச்சலின் 7 வருஷம், பஞ்சத்தின் 2 வருஷம் கூட்டினால் 39. அதாவது சுமார் 22 வருஷம் அந்த மனிதர் ஒரு பொய்யை நம்பிக்கொண்டு அழுதார்.

இதைத் தண்டனை என்று ஆதியாகமம் ஓரிடத்திலும் பெயர் வைத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன், நீங்களும் வகுப்பில் சொல்லவேண்டாம். பொய் சொல்லத் தெரிந்த வீட்டில் பிள்ளைகள் பொய்யைக் கற்றுக்கொண்டார்கள். 34-ஆம் அதிகாரத்தில் சீகேம் ஊராரிடம் வஞ்சகமாகப் பேசியதும் இதே பிள்ளைகள்தான். பையன் "எப்போ மிஸ்" என்று கேட்டால் இந்த வருஷங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டுங்கள்.

கடைசியாக முக்கியமான விஷயம். அந்தப் பொய்யால் அவனுக்கு என்ன கிடைத்தது? இளையவனே முந்துவான் என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்பே ரெபெக்காளுக்குச் சொல்லப்பட்டுவிட்டது (25:23). ஆபிரகாமின் ஆசீர்வாதம் அவனுக்கு வருவது 28-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில். அங்கே ஈசாக்கு அவனை யாக்கோபு என்று தெரிந்தே கூப்பிட்டு ஆசீர்வதிக்கிறார். தோலும் இல்லை, அண்ணன் உடையும் இல்லை. வேஷம் போட்டு வாங்கினதில், உன் சகோதரர் உன்னை வணங்குவார்கள் என்று ஒரு பகுதி உண்டு. 33-ஆம் அதிகாரத்தில் யார் யாரை வணங்குகிறார்கள்? யாக்கோபு ஏழு முறை தரைவரை குனிந்து ஏசாவை வணங்குகிறான். அதற்கு முன்னாலேயே 200 வெள்ளாடு, 20 கடா, 200 செம்மறி, 20 ஆட்டுக்கடா, 30 ஒட்டகம் குட்டிகளோடு, 40 பசு, 10 காளை, 20 கழுதை, 10 கழுதைக்குட்டி என்று அனுப்பிவைத்திருக்கிறான். பேச்சு முழுக்க "என் ஆண்டவன்", "உமது அடியான்".

திருடி வாங்கினது அவன் கையில் நிற்கவே இல்லை. இதைச் சொன்னால் உங்கள் மாணவன் யோசிப்பான் என்று நம்புகிறேன்.


இரவுப்பணி எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஆடும் அங்கியும் இத்தனை வருஷமாக எனக்குப் படாமல் போயிற்று.

ஆனால் ஒரு கேள்வி. நான் பிரசவ வார்டில் வேலை செய்கிற நர்ஸ். அதனால் யாத்திராகமம் 1-இல் வரும் மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் எனக்கு மிகவும் பிரியமானவர்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், எபிரெயப் பெண்கள் நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று சொன்னார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று அடுத்தாற்போல வருகிறது. எரிகோவில் ராகாப், இஸ்ரவேலின் வேவுகாரரைச் சணல் தட்டைகளுக்குள் மறைத்துவைத்து, தேடி வந்தவர்களிடம் போய்விட்டார்கள் என்றாள். அவளை எபிரெயர் 11-இல் விசுவாசிகள் வரிசையில் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை இதைக் கேட்காமல் இருக்காது. அப்போது "சில பொய் பரவாயில்லை" என்று ஆகிவிடாதா? பில்லில் கையெழுத்துப் போட்டவரும் "என் குடும்பத்தைக் காப்பாற்றத்தான்" என்று சொல்லலாமே?


பழையகணக்கர் எழுதியது:

சகோதரி, இதை ஒளிக்காமல் பேசவேண்டும். சபைப் பிதாக்களில் அகஸ்தீன் எந்தப் பொய்யும் ஆகாது என்று உறுதியாக நின்றவர். மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த நன்மை அவர்கள் பொய்க்காக அல்ல, இரக்கத்துக்காக என்று அவர் விளக்கினார். கொலைகாரனிடமிருந்து உயிரை மறைப்பது வஞ்சகம் ஆகாது என்று நினைக்கிறவர்களும் சபையில் எப்போதும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். ஆனால் என் கருத்தை 13 வயதுப் பிள்ளைக்குத் தீர்ப்பாகக் கொடுக்கமாட்டேன்.

அவர்களிடம் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: அந்தப் பொய்யில் ஆபத்து யார் தலையில் விழுந்தது? சிப்பிராளும் பூவாளும் தங்கள் கழுத்தைப் பார்வோன் முன் நீட்டினார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள். ராகாப் மாட்டியிருந்தால் அவளைத்தான் கொன்றிருப்பார்கள். பில்லில் கையெழுத்துப் போட்டவர் விஷயத்தில் இது தலைகீழ். நன்மை அவருக்கு, நஷ்டம் அவர் பெயரைக் கூடக் கேட்டிராத யாருக்கோ.

இதற்கு வேதத்தில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி, ஆசாரியர்களின் ஊரான நோப்பில் நடந்தது. பிரசங்கங்களில் அதிகம் கேட்டதில்லை, அது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. சவுலுக்குத் தப்பி ஓடுகிற தாவீது, ஆசாரியன் அகிமெலேக்கிடம் வருகிறான். ஏன் தனியாக வந்தாய் என்று அவர் பயந்து கேட்கிறார். ராஜா ஒரு இரகசியக் காரியமாக அனுப்பினார் என்கிறான். அதை நம்பி அவர் சமுகத்தப்பத்தையும் கோலியாத்தின் பட்டயத்தையும் கொடுக்கிறார். தாவீது பசியாக இருந்தான், உயிருக்கு ஓடிக்கொண்டிருந்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஏதோமியன் தோவேக்கு அன்று அங்கே நின்றுகொண்டிருந்தான். அடுத்த அதிகாரத்தில் சவுல் விசாரிக்கிறான். எனக்கு எதுவும் தெரியாது என்று அகிமெலேக்கு சொன்னது முழு உண்மை. அது அவரைக் காப்பாற்றவில்லை. சணல்நூல் ஏபோத்து அணிந்த 85 ஆசாரியர்களை தோவேக்கு வெட்டிப்போட்டான். அப்புறம் அந்த ஊரிலிருந்த பெண்களையும் பிள்ளைகளையும்.

தாவீது உண்மையைச் சொல்லியிருந்தால்? அகிமெலேக்கு அப்போதும் உதவியிருக்கலாம். உதவாமல் இருந்திருக்கலாம். உதவிவிட்டு ஊரோடு தப்பி ஓடியிருக்கலாம். அதைத் தீர்மானிக்கிற உரிமை அவருக்கு இருந்தது. தாவீதின் பொய் அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. எந்த ஆபத்துக்குள் நிற்கிறோம் என்றே தெரியாமல் அந்த மனிதர் நின்றார்.

தப்பி வந்த அகிமெலேக்கின் மகன் அபியத்தாரிடம் தாவீது சாக்கு எதுவும் சொல்லவில்லை. தோவேக்கை அங்கே பார்த்தபோதே அவன் சவுலிடம் சொல்வான் என்று எனக்குத் தெரியும், உன் தகப்பன் வீட்டாருடைய சாவுக்கெல்லாம் நானே காரணம் என்று ஒத்துக்கொண்டு, என்னோடு இரு, நான் உன்னைக் காப்பேன் என்கிறான். அந்த 85 பேர் திரும்பி வரவில்லை. ஆனால் உண்மையை முழுதாக ஒத்துக்கொண்டதால் அபியத்தாரால் அந்த மனிதனோடு வாழ முடிந்தது.

யாக்கோபு கதையில் ஒன்றை விட்டுவிட்டேன், இங்கே சொல்லிவிடுகிறேன். ஏசாவைச் சந்திப்பதற்கு முந்தின இரவு, யாப்போக்கு ஆற்றங்கரையில் அவனோடு போராடினவர் "உன் பேர் என்ன" என்று கேட்கிறார். அப்பா யார் என்று கேட்டபோது ஏசா என்று சொன்னவன், இப்போது யாக்கோபு என்று சொல்கிறான். அதற்கு அப்புறம்தான் ஆசீர்வாதம். எனக்குப் பிடித்த இடம் இது. ஆனாலும் அவன் அன்றோடு முழுதாக மாறிவிட்டான் என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். அடுத்த அதிகாரத்திலேயே சேயீருக்கு வந்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு சுக்கோத்துக்குப் போய்விடுகிறான். பழக்கம் லேசில் விடாது.


சிற்றோடை எழுதியது:

ஐயா, நான் முதலில் அவசரப்பட்டு ஒரு வசனத்தோடு முடித்துவிட்டேன். நோப் பற்றி நான் யோசித்ததே இல்லை. தப்பு செய்தவர் திருந்தினால் என்ன செய்யவேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் இல்லையா? லேவியராகமம் 6-இல் ஏமாற்றி எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பலி. சகேயு நாலு மடங்கு தருகிறேன் என்றார். "ஆண்டவரே மன்னியும்" என்று ஜெபித்துவிட்டு எடுத்ததை வைத்துக்கொள்ள முடியாது.


ஞாயிறுவகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. யாக்கோபு பாடம் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் பையனின் இரண்டாவது கேள்வி இன்னும் இருக்கிறது ஐயா. யாக்கோபு கஷ்டப்பட்டான், சரி. அவன் அப்பாவும்தானே கஷ்டப்படுகிறார்? பொய் சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம் என்றால் ஏன் உண்மையாக இருக்கவேண்டும் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? "ஒருநாள் அப்பாவுக்கும் பதவி கிடைக்கும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிடைக்காமல் போனால் அந்தப் பிள்ளை கடவுளையே சந்தேகப்படும்.


பழையகணக்கர் எழுதியது:

சொல்லாதீர்கள். நீங்கள் தயங்கினது சரி. உத்தமமாக நடந்தால் பதவி வரும் என்று வேதம் வாக்குக் கொடுக்கவில்லை. போத்திபாரின் வீட்டில் யோசேப்பு உண்மையாக நடந்ததற்குக் கிடைத்தது சிறை. அங்கே அவன் உதவி செய்த பானபாத்திரக்காரன் இரண்டு வருஷம் அவனை மறந்தே போனான். சங்கீதம் 15, கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்டுச் சொல்லும் பதிலில், தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவன் என்று ஒரு வரி இருக்கிறது. நஷ்டம் வரும் என்பது அங்கே ஒளிக்காமலே எழுதியிருக்கிறது. சங்கீதம் 73-இல் ஆசாப் இன்னும் ஒரு படி மேலே போய், நான் என் இருதயத்தைச் சுத்தமாக வைத்திருந்தது வீண்தானோ என்று கேட்டேவிட்டார். உங்கள் மாணவன் கேட்டதைத்தான் அவரும் கேட்டிருக்கிறார், அதுவும் ஆராதனைப் பாட்டில். இதை அவனுக்கு முதலில் சொல்லுங்கள். அவன் கேள்வி கடவுளுக்குப் புதிதல்ல.

அப்புறம் தானியேல் 6. சிங்கக் குகையை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் உள்ள வசனங்களை யாரும் நின்று வாசிப்பதில்லை. தரியு ராஜா 120 தேசாதிபதிகளை வைத்தான். அவர்கள் கணக்கு ஒப்புவிக்க மேலே 3 பிரதானிகள், அதில் ஒருவன் தானியேல். எதற்காக? ராஜாவுக்கு நஷ்டம் வராதபடிக்கு. என் பாஷையில் சொன்னால் தானியேல் பார்த்தது தணிக்கை வேலை. அவன்மேல் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள், ராஜ்ய விஷயத்தில் ஒரு குறையும் கிடைக்கவில்லை, உண்மையுள்ளவனாக இருந்ததால். ஏன் அவ்வளவு வெறுத்தார்கள் என்பதற்கு ராஜா அவனை எல்லாருக்கும் மேலே வைக்க நினைத்ததைத்தான் வேதம் சொல்கிறது. கணக்குக் கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில், இவன் கையில் கணக்கு ஒப்புவிக்கவேண்டுமே என்ற எரிச்சலும் அவர்களுக்கு இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பொய்ப் பில்லை நிறுத்துகிற ஒரே ஒரு ஆள் அந்த இடத்தில் இருந்தால், அவர் எதுவும் பேசாவிட்டாலும் மற்றவர்களுக்குத் தொந்தரவுதான். அந்த அப்பாவை மாற்றினது அதனால்தான். அவர் ஒரு பில்லையாவது நிறுத்தியிருக்கிறார்.

பொய் சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம் என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே கஷ்டம் அல்ல. கையெழுத்துப் போட்டவரை நாளைக்கு இன்னொரு பில்லோடு கூப்பிடுவார்கள். அவரால் மறுக்க முடியாது. முதல் பில் அவர்கள் கையில் இருக்கிறது. பதவி உயர்ந்தது, மறுக்கிற சுதந்திரம் போனது. அந்த அப்பாவுக்கு நாற்காலி போனது. நாளைக்கு யார் வந்து எந்தப் பழைய தாளைக் கேட்டாலும் அவர் எடுத்து நீட்டலாம். உத்தமமாய் நடக்கிறவன் பத்திரமாய் நடக்கிறான் என்று நீதிமொழிகள் 10:9 சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பயமில்லாமல் அலமாரியைத் திறக்கிற மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். சாவியைத் தேடுவதுபோல நேரம் கடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆலயப் பணம் பற்றி 2 இராஜாக்கள் 12-இல் ஒரு நல்ல பகுதி இருக்கிறது, வளர்ந்த பிள்ளைகளுக்கு எடுக்கலாம். யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரை பணம் வந்துகொண்டே இருந்தது, ஆலயம் பழுதாகவே இருந்தது. ராஜா கேட்டபிறகு, ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். ஒரு ஆள் தனியாக எண்ணவில்லை. ஆனால் அந்தப் பணத்தை வாங்கி வேலையாட்களுக்குக் கொடுத்தவர்களிடம் கணக்கே கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தபடியால். தொழிலில் இருந்தவனாகச் சொல்கிறேன், கணக்குக் கேட்கத் தேவையில்லை என்று ஒருவரைப் பற்றிப் பதிவாவது சாதாரணப் பெயர் அல்ல. ஆனாலும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சோதனை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. எருசலேமுக்கான காணிக்கை விஷயத்தில் பவுல், தீத்துவோடு வேறு சகோதரரையும் கூட அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் எங்களைக் குறைசொல்ல இடம் வரக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்கவேண்டும் என்கிறார் (2 கொரிந்தியர் 8). நம்மை எல்லாருக்கும் தெரியுமே என்று சபைக் கணக்குக்கு ரசீது எழுதாமல் விடுகிற நல்லவர்கள் இதை வாசிக்கவேண்டும்.

இன்னும் ஒன்று அம்மா. முடிந்தால் அந்த அப்பாவைப் பாருங்கள். இப்படி மாற்றப்பட்டவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள், வீட்டிலும் அவரைக் குறை சொல்கிற குரல் இருக்கலாம். ஆலோசனை எதுவும் வேண்டாம். நீங்கள் செய்தது தெரியும், நாங்கள் மதிக்கிறோம் என்று சபையிலிருந்து ஒருவர் சொன்னால் போதும். எழுத்தில் அவர் மறுத்ததற்கு ஏதாவது பதிவு இருந்தால், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது தேவைப்படும் நாள் வரலாம்.


ஞாயிறுவகுப்பு எழுதியது:

ஐயா, போதகரிடம் இன்று பேசினேன். அவரும் நானுமாக இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். அவன் சொன்னதை வைத்து வந்தோம் என்று தெரியாமல் பார்த்துக்கொள்வேன். பையனிடமும் முன்பே கேட்டுவிட்டேன், சரி என்றான்.

வகுப்புக்கு இப்படி யோசித்திருக்கிறேன். இந்த ஞாயிறு யாக்கோபை 27-இலிருந்து 37 வரை, கரும்பலகையில் வருஷங்களோடு. அடுத்த ஞாயிறு தானியேல் 6, குகைக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு. நோப் கதை 13 வயதுக்குக் கொடூரமாக இருக்குமோ என்று யோசனை. விட்டுவிடலாமா?


இரவுப்பணி எழுதியது:

விடாதீர்கள். பிள்ளைகள் கதையைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் 1 சாமுவேல் 21-ஐயும் 22-ஐயும் ஒரே நாளில் எடுங்கள். முதல் பாதியோடு மணி அடித்துவிட்டால், தாவீது சாமர்த்தியமாகத் தப்பினான் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.